கஜம், முழம், ஹேண்ட்: இன்ச் டேப் பல வருஷம் புழங்கியதில் தெரிந்தவை

வேலூர் லாங்கு பஜாரில் துணியை மீட்டரில் கிழிக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் கஜத்தில் கேட்கிறார்கள். பூக்காரம்மா முழம் போடுகிறார். இதற்கெல்லாம் போன் ஆப், இரும்புக் கஜக்கோல், தையல் டேப் மூன்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. நம்பி எடுப்பது டேப்பைத்தான். எந்த அளவையும் முதலில் இன்ச்சாக்கிவிட்டால் குழப்பமே வராது.

ஆப்பில் 1 கஜத்தை ‘ஹேண்ட்’ ஆக்கினால் 9 என்று வரும். அதை முழம் என்று எடுத்துக்கொண்டு துணி சொன்னால் கணக்கே கெட்டுவிடும். ஹேண்ட் என்பது குதிரை உயரம் அளக்கும் 4 இன்ச். நம் முழம் 18 இன்ச், கஜத்துக்கு 2. சாண் 9 இன்ச், கஜத்துக்கு 4.

ஆப் சறுக்கும் இன்னொரு இடம் புள்ளி. குதிரைக்காரர் 14.2 என்றால் 14 ஹேண்ட், 2 இன்ச். அதாவது 58 இன்ச். ஆப் அதைத் தசமமாக எடுத்து 56.8 இன்ச் என்று காட்டும். புள்ளிக்குப் பின் 0, 1, 2, 3 தவிர வேறு எண் வரவே கூடாது. ஒன்றரைக் கஜம் 54 இன்ச், ஹேண்டில் கேட்டால் ஆப் 13.5 என்னும், எழுத வேண்டியது 13.2.

துணிக்கு வருவோம். 1 கஜம் 91.44 செ.மீ. மீட்டரைவிட மூணேகால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கூடவே குறைவு. ஆறு கஜம் 5.49 மீட்டர், ரவிக்கைத் துணி தனி. ஆரணிப் பட்டில் ஒன்பது கஜம் கேட்டால் 8.23 மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பதினெட்டு முழம் என்பதும் அதே அளவுதான். நாலு முழ வேட்டி 1.83 மீட்டர், எட்டு முழம் 3.66.

கஜக்கோல் தேயாது, வளையாது. ஆனால் துணியை அதில் இழுத்துப் பிடித்து அளந்தால் கஜத்துக்கு அரை இன்ச் போனாலும் ஆறு கஜத்தில் 3 இன்ச் போய்விடும். குடியாத்தம் லுங்கியானாலும் மேஜைமேல் தளர விரித்துத்தான் அளக்க வேண்டும்.

பூவுக்கு டேப் வேண்டாம். அந்த அம்மாவின் முழங்கை முதல் நடுவிரல் நுனி வரைதான் அங்கே முழம். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு இன்ச் மாறும். சாமி மாலைக்குச் சொல்லும்போது மட்டும் அடிக்கணக்கில் சொல்லுங்கள்.

டேப்பின் குறை, நாள்பட்டால் நீளும். நுனித் தகடும் ஆடும். தகடு ஆடினால் 1 இன்ச் கோட்டிலிருந்து அளந்து, வந்ததில் 1 கழியுங்கள். மாதம் ஒருமுறை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள்: 12 இன்ச் 30.5 செ.மீ.-இல் நிற்க வேண்டும். புது டேப் வாங்கும்போதும் ஒரு சோதனை உண்டு. 60 இன்ச் என்றால் 152.4 செ.மீ. 60-ம் 150-ம் ஒரே கோட்டில் முடிந்தால், இரண்டில் ஒரு பக்கம் தப்பு. அதை வாங்காதீர்கள்.