கடுமையாக உதைக்கும் வேட்டை ரைஃபிளுக்கு மலிவான ஸ்கோப்: நான்கு தெரிவுகள், ஓர் ஒப்பீடு

1912ஆம் ஆண்டு அறிமுகமான .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டாவை (.375 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்) நான்கு கிலோ எடையுள்ள ரைஃபிளில் வைத்துச் சுட்டால், துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாய்கிறது. அந்த உதையின் ஆற்றல் சுமார் 50 ஜூல், பரவலாகப் பயன்படும் .30-06 தோட்டாவின் உதையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. துப்பாக்கி பின்னால் பாயும் கணத்தில், அதன் மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்கள் பிடித்து இழுக்கின்றன. ஸ்கோப்பின் உள்ளே, குறி சரிசெய்யும் திருகுகளோடு ஒரு வில்லால் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் சிறு குழலும் அதே அதிர்ச்சிக்கு ஆளாகிறது. மலிவான ஸ்கோப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. கண்ணாடி உடைவதில்லை; வில் தளர்ந்து, குறி ஒவ்வொரு குண்டுக்கும் சிறிது சிறிதாக நகரத் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்கோப் புதிது போலவே இருக்கும்.

ஆகவே குறைந்த பணத்தில் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது கண்ணாடியின் தெளிவைப் பற்றி அல்ல; எடை எவ்வளவு, அசையும் பாகங்கள் எத்தனை, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே எவ்வளவு இடம் கிடைக்கும் என்ற மூன்றையும்தான். இந்த அளவுகோல்களைக் கொண்டே லூபோல்ட் எஃப்எக்ஸ்-2 2.5x20, லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 1.5-4x20, பர்ரிஸ் ஃபுல்ஃபீல்டு-2 3-9x40, வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர்-2 2-7x32 ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன் (x-க்கு முன்னுள்ள எண் உருப்பெருக்கம், பின்னுள்ளது மில்லிமீட்டரில் முன்வில்லையின் விட்டம்).

எடையில் உள்ள வேறுபாடு பலர் நினைப்பதைவிடப் பெரிது. எஃப்எக்ஸ்-2 சுமார் 185 கிராம், ஃப்ரீடம் சுமார் 270, பர்ரிஸ் சுமார் 370, வோர்டெக்ஸ் 400 கிராமை ஒட்டியது. வளையங்களும் அடித்தளத் திருகுகளும் தாங்க வேண்டிய விசை ஸ்கோப்பின் எடைக்கு நேர் விகிதத்தில் கூடும் என்பதால், ஒரே ரைஃபிளில் வோர்டெக்ஸ் தன் திருகுகளை எஃப்எக்ஸ்-2 இழுப்பதைப் போல இரு மடங்குக்கும் மேலாக இழுக்கிறது. மேலும், எஃப்எக்ஸ்-2 நிலையான உருப்பெருக்கம் கொண்டது. உருப்பெருக்கத்தை மாற்றுவதற்காக முன்னும் பின்னும் நகரும் வில்லைகளோ அவற்றைத் தாங்கும் தனிக் குழலோ அதில் இல்லை. இல்லாத பாகம் தளரவும் முடியாது.

கண் இடைவெளியில்தான் என் தீர்ப்பு உறுதிப்படுகிறது. எஃப்எக்ஸ்-2 சுமார் 12 சென்டிமீட்டர் இடம் தருகிறது. ஃப்ரீடம் அதன் உச்ச உருப்பெருக்கத்திலும் ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாது. வோர்டெக்ஸ் பத்தை ஒட்டி நிற்கிறது. இந்த ஒரு கணக்கில் அது பர்ரிஸை வெல்கிறது. பர்ரிஸ், உருப்பெருக்கத்தை 9க்கு ஏற்றும்போது, எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. சமதரையில் நின்று சுடும்போது எட்டு போதும் என்று தோன்றலாம். ஆனால் மேட்டை நோக்கிச் சுடும்போதும் குப்புறப் படுத்துச் சுடும்போதும் தலை தானாகவே முன்னால் நகர்ந்துவிடும், அப்போது .375இன் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். விளம்பரத்தில் இரண்டு எண்கள் கொடுக்கப்பட்டிருந்தால், உச்ச உருப்பெருக்கத்துக்குரிய சிறிய எண்ணையே நம்புங்கள்.

2.5 மடங்கு போதாது என்ற எதிர்ப்பு எப்போதும் எழும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான பெரிய விலங்குகளுக்கு .375 என்பதே குறைந்தபட்ச அளவாக விதிக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய வேட்டையில் சுடும் தூரம் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்ளேயே அமைகிறது. அந்தத் தூரத்துக்கு 2.5 தாராளம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: எஃப்எக்ஸ்-2இல் அது 8 மில்லிமீட்டர், 9 மடங்கில் பர்ரிஸில் 4.4 மட்டுமே. அந்தி வெளிச்சத்தில் சிறிய ஸ்கோப் இருட்டாக இருக்கும் என்ற அச்சம் ஆதாரமற்றது. பர்ரிஸை 4க்கு இறக்கினால் 10 மில்லிமீட்டர் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மனிதக் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டருக்கு மேல் விரிவதில்லை.

உத்தரவாதத்தைக் கொண்டு இவற்றுள் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்று நிறுவனங்களுமே வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன, முதல் உரிமையாளராக இருக்க வேண்டும் என்றும் கேட்பதில்லை. அது வீடு திரும்பிய பிறகுதான் உதவும். காட்டின் நடுவே குறி நகர்ந்துவிட்டால் எந்த உத்தரவாதமும் பயன்படாது.

மிச்சமாகும் பணத்தை அடித்தளத்திலும் வளையங்களிலும் போடுங்கள். ரைஃபிள்களில் அடித்தளத்தைப் பிடிக்க வழக்கமாக உள்ள 6-48 அளவுத் திருகுகளைத் துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்துத் தடித்த 8-40 அளவுக்கு மாற்றிக்கொள்வது கனமான தோட்டாக்களுக்கு மிகவும் பயனுள்ள வேலை. வளையத் திருகுகளைக் கைப்பழக்கத்தை நம்பி இறுக்காமல், டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் கருவி) கொண்டு, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு வரை, இறுக்க வேண்டும். குழல்முனையில் பிரேக் (வாயுவைத் திருப்பிவிட்டு உதையைக் குறைக்கும் கருவி) பொருத்தியவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: அது தோளின் வலியைக் குறைத்தாலும், ஸ்கோப்பைப் பின்னும் முன்னுமாக இரு திசைகளிலும் உலுக்குகிறது.

.375க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் என் முதல் தெரிவு எஃப்எக்ஸ்-2தான். புதிதாகக் கிடைப்பது அரிது என்பதால் பயன்படுத்தியதைத் தேட வேண்டியிருக்கும். கடையில் புதியதே வேண்டும் என்றால் ஃப்ரீடம் 1.5-4. .300 வின்செஸ்டர் மேக்னம் கொண்டு திறந்த வெளியில் தொலைவில் சுடுபவருக்கு மட்டும் பர்ரிஸ் பொருந்தும்; அதன் உள்குழலை அழுத்தும் இரட்டை வில் அமைப்பு இந்த விலையில் மதிக்கத்தக்கது. வோர்டெக்ஸில் குறை சொல்ல அதிகமில்லை, எடையைத் தவிர. ஆனால் இந்த வேலைக்கு எடையே பெரிய குறை. எதை வாங்கினாலும், குறி வைத்த பிறகு குறி சரிசெய்யும் திருகுகளை இருபது கிளிக் (ஒரு கிளிக் என்பது திருகின் ஒரு படி) வலப்புறம், இருபது கீழே, இருபது இடப்புறம், இருபது மேலே என்று திருப்பி ஒவ்வொரு மூலையிலும் சுட்டுப் பாருங்கள். கடைசிக் குண்டு முதல் துளையை ஒட்டி விழவில்லையென்றால், அந்த ஸ்கோப்பை வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள்.