பத்து நாள் ‘வந்து பாருங்கள்’: ஒரு கன்னியர் மடத்தில் நான் இருந்து பார்த்தது

அருள்சகோதரியாகும் எண்ணம் இருக்கிறது, முதலில் எங்கே போய்ப் பார்ப்பது என்று இரண்டு பெண்கள் தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். இருவருக்கும் நீளமாகப் பதில் எழுதினேன். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். சேரும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் தங்கிப் பார்க்கும் ‘வந்து பாருங்கள்’ நாட்களுக்கு நான் போன துறவறச் சபையின் பெயரைச் சொல்லவில்லை. அவர்களோடு என் பேச்சு இன்னும் முடியவில்லை. பாதியில் நிற்கும்போது பெயர் சொல்லிப் பாராட்டுவதும் குறை சொல்வதும் முறையில்லை.

என் வயது 29. ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். இந்த எண்ணம் எனக்குப் புதிதல்ல. 22 வயதில் வேறொரு இடத்தில் நடந்த அரை நாள் அழைத்தல் முகாமுக்கு, அதாவது துறவற வாழ்க்கைக்கு ஆள் அழைக்கும் கூட்டத்துக்குப் போனேன். பாட்டு, சாட்சியம், பிறகு “இயேசுவுக்காக எழுந்து நிற்பவர்கள் யார்?” என்று மேடையிலிருந்து ஒரு கேள்வி. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். போட்டோ எடுத்தார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்கு போன் வர ஆரம்பித்தது. “உங்க பொண்ணைக் கடவுள் கேக்கிறார், நீங்க தடுக்கலாமா?” என்று அம்மாவிடமே கேட்டார்கள். அம்மா போனை வைத்துவிட்டு அழுதார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அந்த ஆறு வருஷத்தில் நான் கடவுளோடும் சரியாகப் பேசவில்லை. அவரும் போன் செய்து நெருக்குகிறவர் என்றே மனதில் பதிந்துவிட்டது.

அதனால் இந்த முறை இந்தச் சபைக்கு எழுதும்போதே பயத்தோடுதான் எழுதினேன். பதில் வர இரண்டு வாரம் ஆனது. தாமதம்தான், ஆனால் அச்சடித்த பதில் இல்லை. கையால் எழுதிய இரண்டு பக்கக் கடிதம். சான்றிதழ் எதுவும் இப்போது வேண்டாம், அதெல்லாம் பின்னால் பார்க்கலாம் என்று எழுதிவிட்டு மூன்று கேள்வி கேட்டிருந்தார்கள். நீங்கள் வருவது வீட்டில் யாருக்குத் தெரியும்? ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா? கடன் இருக்கிறதா?

கடன் பற்றிய கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, தீர்க்க வழியில்லாத கடனோடு வருகிறவரை நவதுறவில், அதாவது வார்த்தைப்பாடு கொடுக்கும் முன் இருக்கும் பயிற்சிக் காலத்தில், சேர்க்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. எனக்குப் படிப்புக்கடன் இருக்கிறது. இறையழைத்தலைப் பற்றி என்னென்னவோ யோசித்திருக்கிறேன், மாதத் தவணையை அதோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை.

மொத்தம் பத்து நாள். முதல் மூன்று நாள் சகோதரிகளோடு சேர்ந்து செபமும் வேலையும், நடுவில் ஐந்து நாள் முழு மௌனம், கடைசி இரண்டு நாள் பேச்சு. நாங்கள் நான்கு பெண்கள். அறையில் ஒரு கட்டில், மேசை, சுவரில் பாடுபட்ட சுரூபம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. முதல் இரவு அதைப் போட்டுவிட்டுத் திறந்தேன், மறுபடி போட்டேன். பழைய முகாமின் நினைப்பு அந்த அளவுக்கு இருந்திருக்கிறது.

எனக்குத் துணையாகக் கொடுத்த சகோதரி முதல் சந்திப்பிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் தியானம் கொடுப்பவருக்கு ஒரு கட்டளை வைத்திருக்கிறார்: பயிற்சி செய்கிறவரைத் துறவறத்தின் பக்கமும் சாய்க்கக் கூடாது, மறுபக்கமும் சாய்க்கக் கூடாது, தராசின் முள்போல நடுவில் நிற்க வேண்டும். படைத்தவர் தம் படைப்போடு நேராகப் பேசட்டும். “நான் உன்னை இழுத்தா நீ என்கிட்ட சொல்லணும்மா” என்றார் சிஸ்டர். பத்து நாளில் அப்படிச் சொல்ல ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை.

முதல் மூன்று நாளில் நான் அதிகம் கற்றது பாத்திரம் தேய்க்கும் இடத்தில். அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு சிஸ்டர் என் பக்கத்தில் நின்று துடைப்பார். அழைப்பு வந்தது எப்படித் தெரிந்தது என்று எல்லோரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. நவதுறவில் இருந்தபோது அவருடைய பயிற்சித் தலைவி மூன்று மாதத்துக்கு ஒருமுறை “ஏன் இன்னும் இருக்கே?” என்று கேட்பாராம். பதிலை ஒரு நோட்டில் எழுத வேண்டும். முதல் பதில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும். அடுத்தது, செபம் இனிக்கிறது. செபம் இனிக்காமல் போன மாதத்தில், திரும்பிப் போனால் வெட்கம் என்று எழுதினாராம். அதைப் படித்துவிட்டுத் தலைவி சத்தம் போடவில்லை. “இதை எழுதினதுக்காகவே உன்னை நம்புறேன்” என்று சொல்லி இன்னும் மூன்று மாதம் கொடுத்தாராம். கடைசியாக என்ன எழுதினீர்கள் சிஸ்டர் என்றேன். “ஒண்ணும் எழுதலை. அவர் இருக்கார், நான் இருக்கேன்னு தோணுச்சு. அதை எப்படி எழுதறது?” என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

மௌனத்தின் மூன்றாம் நாள் எனக்கு மோசமான நாள். காலைத் திருப்பலியிலிருந்தே மனம் வறண்டு கிடந்தது. வாசிக்கக் கொடுத்த பைபிள் பகுதி, ஆலயத்தில் வளர்ந்த சிறுவன் சாமுவேலை இரவில் ஆண்டவர் அழைப்பது. நூறு தடவை கேட்ட கதை. மதியம் பையை எடுத்துத் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் சிஸ்டரிடம் போகிறேன் என்று சொன்னேன். “போகலாம். கதவு திறந்துதான் இருக்கு. ஆனா வறட்சி நேரத்துல, முன்னாடி தெளிவா இருந்தப்ப எடுத்த முடிவை மாத்தாதேன்னு இஞ்ஞாசியார் சொல்றார். பத்து நாள் இருக்கணும்னு எப்போ முடிவு பண்ணினே?” என்றார். வீட்டில், நல்ல அமைதியோடு இருந்த ஓர் இரவில். “அந்த ராத்திரியை மதிச்சு நாளைக் காலை வரைக்கும் இரு. காலையில மனசு அமைதியா இருந்து, அப்பவும் போகணும்னு தோணினா நானே வண்டி ஏத்தி விடுறேன்.”

ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைப் புனிதை அவிலா தெரேசா 16ஆம் நூற்றாண்டில் தகப்பன் வீட்டை விட்டு மடத்துக்குக் கிளம்பிய நாளைப் பற்றி எழுதும்போது, எலும்புகள் தனித்தனியாகக் கழன்றுபோவது போன்ற வேதனை என்கிறார். அந்த வரியையும் அன்று சிஸ்டர் சொன்னார். வலிக்கிறது என்பதாலேயே அது அழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வலிக்கிறது என்பதாலேயே அழைப்புதான் என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் அதே சாமுவேல். இந்த முறை, கூப்பிட்டது குரு ஏலி என்று நினைத்து அவன் மூன்று தடவை அவரிடம் ஓடுவதில் நின்றுவிட்டேன். குரல் உண்மையானது, ஓடிய இடம்தான் தவறு. நான் யாரிடம் ஓடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். நான்கு வருஷத்துக்கு முன் எனக்கு நிச்சயமான திருமணம் ஒன்று நின்றுபோனது. இன்னொருவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் நிலைக்குத் திரும்பப் போகவே கூடாது என்ற ஒரு மூலை என் மனதில் இருக்கிறது. மடம் அந்த மூலைக்கு நல்ல மறைவிடம். இதைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. இத்தோடு என்னை அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

சிஸ்டர் அனுப்பவில்லை, தேற்றவும் இல்லை. இரண்டு பயிற்சி கொடுத்தார். ஒன்று, நல்ல மனிதர் ஒருவர் வந்து, காயமெல்லாம் ஆறி, வீடும் பிள்ளைகளுமாகச் சந்தோஷமாக இருக்கும் வாழ்க்கையை ஒரு நாள் முழுக்க நிஜமாக ஆசைப்பட்டுப் பார். இன்னொன்று இஞ்ஞாசியார் சொல்வது: முன்பின் தெரியாத ஒருத்தி, அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டுமே நீ விரும்பும் ஒருத்தி, உன் நிலைமையோடு வந்து நின்றால் அவளுக்கு என்ன சொல்வாய்? முதல் பயிற்சியை முழு மனதோடு செய்தேன். அந்த வாழ்க்கை அழகாக இருந்தது. பயம் இல்லாமல் அதைப் பார்க்க முடிந்தது, அதுவே பெரிய விஷயம். பார்த்து முடித்த பிறகும் அந்தச் சிற்றாலயத்தின் அமைதி என்னை விட்டுப் போகவில்லை. தெரியாத அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது, “அவசரப்படாதே, ஆனால் விட்டுவிடாதே.”

ஒன்பதாம் நாள் மதியம் பலகையில் எழுதி சட்டம் நடத்தினார்கள். சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் பேச எனக்கு அதிகம் உதவியது அதுதான். ‘உள்ளே போனால் திரும்ப முடியாது’ என்று அம்மா மட்டுமல்ல, நானும் நம்பியிருந்தேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாதவரை நவதுறவில் சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. பயமுறுத்தியோ வற்புறுத்தியோ ஏமாற்றியோ சேர்த்தாலும் செல்லாது. நவதுறவு குறைந்தது 12 மாதம். பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் முடிய வேண்டும், சந்தேகம் தீரவில்லை என்றால் ஆறு மாதம்வரை நீட்டலாம். நவதுறவி எப்போது வேண்டுமானாலும் தானாகவே வெளியேறலாம். ஏழ்மை, கன்னிமை, கீழ்ப்படிதல் மூன்றுக்கும் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு தற்காலிகமானது: மூன்றிலிருந்து ஆறு ஆண்டு, தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது வரை. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

வெளியே போகாமல் உள்ளேயே செபத்தில் வாழும் அடைபட்ட மடங்களுக்கு 2018ல் வத்திக்கான் வெளியிட்ட வழிமுறை இன்னும் நீளம். தொடக்கப் பயிற்சி மொத்தம் 9 ஆண்டுக்குக் குறையக் கூடாது, 12க்கு மிகக் கூடாது. எங்களில் இளைய பெண், பிரான்ஸ் நாட்டுப் புனிதை சிறுமலர் தெரேசா 15 வயதிலேயே கார்மேல் மடத்துக்குப் போனாரே என்று கேட்டாள். 1888ல் போனார், மறு வருஷம் 16 வயதில் நவதுறவுக்கான உடை பெற்றார். இன்றைய சட்டத்தில் அந்த வயதில் நவதுறவு தொடங்கவே முடியாது என்று பதில் வந்தது. அவள் முகம் வாடியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும், அதில் ஒன்று சின்னதல்ல. எனக்குத் துணையிருந்த சிஸ்டர்தான், யாரைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கும் குழுவிலும் இருக்கிறார். இது ஏழாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் பேச்சுவாக்கில். நின்றுபோன திருமணம், இரவில் அழுகை எல்லாவற்றையும் அதற்குள் சொல்லிவிட்டேன். அவர் அதை வெளியே சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். இருந்தாலும் அது நம்பிக்கையில் விடக்கூடிய விஷயம் அல்ல. சபை உறுப்பினர்களையே தங்களிடம் மனச்சாட்சியைத் திறக்கும்படி தலைவிகள் தூண்டக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. வெளியிலிருந்து வரும் பெண்ணிடம் அதைவிடக் கூடுதல் கவனம் வேண்டாமா? கடைசி நாள் மடத்தின் தலைவியான மதரிடம் இதை நேராகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆள் பற்றாக்குறை என்றார். இப்போது சபைக்கு வெளியே ஓர் ஆன்ம வழிகாட்டியை எனக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நீங்கள் எங்கே போனாலும் முதல் நாளே கேளுங்கள்: நான் மனம்விட்டுப் பேசப்போகும் ஆள், என்னைப் பற்றி முடிவெடுக்கும் ஆளா?

போனை வாங்கி வைப்பார்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. வாசலில் வைத்துத்தான் சொன்னார்கள். மௌனத்துக்குப் போன் வேண்டாம் என்பது சரி. ஆனால் அம்மா இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துப் பதறிவிட்டார். முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இன்னொன்று, சபையை விட்டு வெளியேறியவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. போனவர்களை எப்படி அனுப்பினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நல்ல சபைக்கு அதில் மறைக்க என்ன இருக்கிறது? கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டைப் பற்றியும் அவசரமாகக் கடந்துபோனார்கள். ஏழ்மையைவிட, கன்னிமையைவிட எனக்கு அதுதான் பயம்.

யாருக்கு ஏற்ற இடம்? ஒரு வருஷமாவது இந்த எண்ணத்தைச் சுமந்தவர்களுக்கு. முதன்முதலாக மனதில் பட்ட வாரமே போனால் ஐந்து நாள் மௌனம் தாங்காது. துக்கத்திலோ சிகிச்சையிலோ இருப்பவர்கள் ஆற அமரக் காத்திருந்து போவது நல்லது.

பத்தாம் நாள் அம்மா என்னைக் கூட்டிப்போக வந்தார். முகம் கல்லாக இருந்தது. மதர் வீட்டைச் சுற்றிக் காட்டினார்: சமையலறை, துணி துவைக்கும் இடம், நோயுற்ற சிஸ்டர்களின் அறைகள். அம்மா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். “அவ வந்து, அப்புறம் வேண்டாம்னு தோணினா என்ன பண்ணுவீங்க மதர்?”

“உங்களுக்கு முதல்ல போன் பண்ணுவேன்” என்றார் மதர். “நீங்க வர்ற வரைக்கும் அவ அறை அவளுக்குத்தான். அவ கொண்டுவந்தது எல்லாம் எழுதி வச்சிருப்போம், ஒண்ணு குறையாம கட்டிக் கொடுப்போம்.” அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்த நோயாளிகளின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேர்கிறேன் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மாதம் ஒரு கடிதம் போகிறது. படிப்புக்கடனில் இன்னும் 11 தவணை பாக்கி. போன வாரம் சனிக்கிழமை அம்மா துணி மடித்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல், “இந்த மாசம் அந்த மதருக்கு எழுதினியா?” என்று கேட்டார்.