கரியமில வாயு சிலிண்டரை எடை போடாமல் வாங்காதீர்கள்

நியூ ஜெர்சியில் வீட்டிலேயே பீர் தயாரிக்கும் நண்பர்கள் கவனத்துக்கு. கெக்கில், அதாவது பீரை நிரப்பி வைக்கும் உலோகப் பீப்பாயில், வாயு ஏற்ற ஐந்து பவுண்டு கரியமில வாயு சிலிண்டரை வெல்டிங் வாயுக் கடைகளில் காலியானதைக் கொடுத்து நிறைந்ததாக மாற்றி வாங்குகிறோம். அதில் ஒரு கடை என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது. கடையின் பெயர் வேண்டாம். ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

நான் கொடுத்தது புத்தம் புதிய அலுமினிய சிலிண்டர். கைக்கு வந்தது கீறல் விழுந்த பழையது. மாற்று முறையில் அது சகஜம், அதைப் பற்றிக் குறையில்லை. ஆனால் மூன்றாவது கெக் முடிவதற்குள் வாயு தீர்ந்துபோனது. 19 லிட்டர் கெக் ஒன்றுக்கு, பீரில் கரைவதும் பிறகு பீரை வெளியே தள்ள ஆவதும் சேர்த்து 150 முதல் 200 கிராம் வாயு போதும். ஐந்து பவுண்டு என்பது 2,260 கிராமுக்கு மேல். வீணாவதைத் தாராளமாகக் கழித்தாலும் ஏழெட்டு கெக்காவது வந்திருக்க வேண்டும்.

"உங்கள் கெக்கில் கசிவு இருக்கும்" என்றார் கடைக்காரர். மூடியின் ரப்பர் வளையம், குழாய் இணைப்புகள், ரெகுலேட்டர் நட்டு என எல்லா இடத்திலும் சோப்பு நீர் தடவிப் பார்த்திருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அதைச் சொன்னதும் வேறொரு சிலிண்டரை எடுத்து ரெகுலேட்டரை மாட்டி, அதன் அழுத்தமானியின் முள் 800 பிஎஸ்ஐயைத் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) தாண்டி நிற்பதைக் காட்டினார். "பாருங்கள், நிறைந்திருக்கிறது."

ஏமாற்று வேலை இங்கேதான் இருக்கிறது. சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கிறது. அறை வெப்பத்தில் அதன் அழுத்தம் 830 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். நிறைந்திருந்தாலும் அடியில் கொஞ்சம் திரவம் மட்டும் மிச்சமிருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். திரவம் முழுதும் தீர்ந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். இதே தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

அளவை அறிய எடை ஒன்றே வழி. நம் ஊரில் சமையல் எரிவாயு சிலிண்டர் வந்தால் வெற்று எடையைப் பார்த்துத் தராசில் தூக்கிப் பார்ப்போமே, அதேதான். இதன் தோள்பகுதியில் டிடபிள்யூ (TW) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் வெற்று எடையைக் குத்தியிருப்பார்கள். அவர் நீட்டிய சிலிண்டரில் 7.6 என்று இருந்தது. நிறைந்திருந்தால் 12.6 பவுண்டு காட்ட வேண்டும். கடையிலிருந்த தராசிலேயே வைக்கச் சொன்னேன். 9 பவுண்டு. யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்ததற்குப் புது பிளாஸ்டிக் சீல் போட்டு விற்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது சோதனைத் தேதி. இந்த சிலிண்டர்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்து மாதமும் ஆண்டும் பதிக்க வேண்டும். கெடு தாண்டியதை நிரப்புவது சட்டவிரோதம். என்னிடம் முதலில் தள்ளிவிட்டதில் கடைசி முத்திரை 2016. காலியானதை வேறொரு கடைக்குக் கொண்டுபோனபோது, சோதனைக் கட்டணம் கட்டினால்தான் நிரப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். புது சிலிண்டரைப் பறிகொடுத்து, அடுத்தவருடைய சோதனைச் செலவையும் நான் சுமந்தேன்.

இதே கடையில் பாட்டிலும் வாங்காதீர்கள். கம்பிப் பூட்டு மூடி போட்ட சதுரமான கண்ணாடி பாட்டில்களைப் 'பீர் பாட்டில்' என்று விற்கிறார்கள். அவை எண்ணெயும் சாறும் ஊற்றி வைக்கும் அலங்கார பாட்டில்கள். சர்க்கரை சேர்த்து பாட்டிலிலேயே வாயு உண்டாக்கும்போது அறை வெப்பத்தில் உள்ளே 30 பிஎஸ்ஐ வரை ஏறும். சதுரப் பாட்டிலின் மூலைகள் அதைத் தாங்காது. அளந்து போட்ட சர்க்கரைதான், இருந்தும் ஒன்று அலமாரிக்குள் வெடித்துக் கதவில் கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மீதியைக் கனத்த கையுறை போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன். பீர் அடைத்து விற்ற, உருண்டையான கனத்த பாட்டில்களையே கழுவிப் பயன்படுத்துங்கள்.

கடைக்காரர் பாட்டில் பணத்தைத் தரவே இல்லை. சிலிண்டருக்குப் பாதித் தொகைதான் திரும்பி வந்தது, அதுவும் மாநில நுகர்வோர் பிரிவில் புகார் கொடுப்பேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு. இப்போது என் சிலிண்டரையே கண்ணெதிரே தராசில் வைத்து நிரப்பித் தரும் இடத்துக்குப் போகிறேன். கூடுதலாக அரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது.