மணலி, எண்ணூர் ஆலைகளுக்குப் பயிற்சி நடத்தும் நிறுவனத்தில் வேலை: உள்ளே இருந்து பார்த்தது

கார்ப்பரேட் டிரெய்னிங் கம்பெனி என்றால் மைக் பிடித்துப் பேசுகிறவர் ஒருவர்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிவார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். அவர் கிளம்பிப் போன பிறகுதான் மீதி தொடங்கும். அந்த இரண்டையும் தூக்கிச் சுமப்பவர், வகுப்புக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கும் கோ-ஆர்டினேட்டர். சேல்ஸ், டிரெய்னர், கோ-ஆர்டினேட்டர் மூன்று நாற்காலிகளிலும் பல வருடம் உட்கார்ந்தவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். திருவொற்றியூர், மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு இது உதவ வேண்டும்.

முதலில் ஆஃபர் லெட்டர். அதில் ‘கன்சல்டன்ட்’, ‘ரீடெய்னர்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நீங்கள் ஊழியர் கணக்கில் இல்லை. கொடுக்கும் பணத்திலேயே 10 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரி) பிடிப்பார்கள், சம்பளக்காரர்களுக்கான வரிச் சான்று வராது. பிஎஃப், கிராஜுவிட்டி எதுவும் கிடையாது. வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் அதன் வலி தெரியும். ஊழியராகச் சேர்த்தால் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் போகும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ-க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டினால் மட்டும் நம்ப வேண்டாம். யூஏஎன் எனும் உங்கள் பிஎஃப் கணக்கு எண்ணை வாங்கி, பிஎஃப் பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். 20 பேர் இருந்தால் பிஎஃப் கட்டாயம் என்பதால், ரோலில் 18, 19 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கன்சல்டன்ட் கணக்கில் காட்டும் இடங்கள் இந்தத் தொழிலில் உண்டு.

அடுத்தது ஆலை கேட். பெட்ரோலிய, ரசாயன ஆலைகளுக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. டிரெய்னர், உதவியாளர் இருவரின் ஆதார் நகல், லேப்டாப், புரொஜெக்டர் சீரியல் எண்கள் எல்லாம் முதல் நாளே எச்ஆருக்கு மெயிலில் போய்ச் சேர வேண்டும். கேட்டில் திரும்பக் கொண்டுபோகும் பொருளுக்கான பாஸ் எழுதும்போது சீரியல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் மாலையில் பொருள் வெளியே வராது. பென் டிரைவ், கேமரா போன் வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் பிபிடி, வீடியோ எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும். கிளவுடில் இருக்கிறது என்று போனால் உள்ளே வைஃபை தரமாட்டார்கள். தீப்பெட்டி, லைட்டர் பையில் இருக்கவே கூடாது. சேஃப்டி ஷூ சொந்தமாக வாங்கிவிடுங்கள். கேட்டில் தரும் இரவல் ஷூ அளவு சேராமல் ஏழு மணி நேரம் நிற்பது கொடுமை.

பயண நேரம் தனிக் கணக்கு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது பெரிய ஆறுதல். அங்கிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ. மணலிக்கு அந்த வசதி இல்லை. ஜெனரல் ஷிஃப்ட் 8.30-க்கு என்றால் 7.15-க்கே கேட்டில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். மணலி உர ஆலை பக்கத்து எம்எஃப்எல் சந்திப்பில் கன்டெய்னர் லாரி வரிசை ஒருமுறை பிடித்துக்கொண்டால் அரை மணி நேரம் போய்விடும். புரொஜெக்டர் பை, கிட் பை இரண்டையும் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏற முடியாது. தனி ஆட்டோ பில்லை நிறுவனம் கொடுக்குமா என்று சேரும்போதே கேளுங்கள்.

கிட் பையில் எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டு கேபிளும், டைப்-சி அடாப்டரும் வேண்டும். ஆலை ஹால்களில் இன்னும் பழைய விஜிஏ புரொஜெக்டர் தொங்குகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, கார்ட்லெஸ் மைக்குக்கு ஏஏ பேட்டரி இரண்டு ஜோடி. காலையில் ஒரு ஜோடி போட்டு, சாப்பாட்டு இடைவேளையில் மாற்றிவிடுங்கள். மூன்று மணிக்கு மைக் கரகரப்பதன் காரணம் பெரும்பாலும் பேட்டரிதான். 24 பேர் வரை ‘யு’ வடிவ இருக்கை. அதற்கு மேல் ஐந்தைந்து பேராக மேசை போடுவது நல்லது. கையேடு 25 பேருக்கு என்றால் 28 எடுங்கள், கடைசி நேரத்தில் இரண்டு பேர் சேராத வகுப்பு இல்லை. ஒயிட்போர்டில் யாராவது பர்மனன்ட் மார்க்கரால் எழுதிவிட்டால், அதே எழுத்தின் மேல் போர்டு மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள், வந்துவிடும்.

சான்றிதழில்தான் அதிகம் மனக்கசப்பு வரும். எச்ஆர் அனுப்பும் எக்செலில் ‘முருகன் எஸ்’, ஐடி கார்டில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் அப்பா பெயரும் சேர்ந்து ‘முருகன் செல்வராஜ்’. ஒரே ஷிஃப்டில் இரண்டு எஸ். முருகன் இருப்பார்கள். பதினைந்து வருடம் வேலை செய்த ஆபரேட்டருக்கு அந்தச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு. இனிஷியல் தப்பாக இருந்தால் அவர் முகம் வாடிப்போகும். இரண்டு நாள் முன்பே பெயர்ப் பட்டியலைப் பணியாளர் எண்ணோடு திருப்பி அனுப்பி, அவரவரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயர் அச்சிடாத ஐந்து படிகளும் கையில் வேண்டும். சான்றிதழுக்கான தடித்த 300 ஜிஎஸ்எம் அட்டை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கலாம். பிரின்டரில் தடித்த தாள் என்று செட்டிங் மாற்றாமல் அடித்தால் டோனர் சரியாக ஒட்டாது. விரல் பட்டதும் பெயர் உதிரும்.

வருகைத் தாள் ஒரு சாதாரணக் காகிதம். ஆனால் டிரெய்னர் ஃபீஸ், சேல்ஸ் கமிஷன், எல்லோருடைய சம்பளமும் அதில்தான் தொங்குகிறது. பிஓ (ஆலை தரும் ஆர்டர்) எண், தேதி, தொடங்கி முடித்த நேரம், பணியாளர் எண், காலை ஒரு கையெழுத்து, மதியம் ஒரு கையெழுத்து, கடைசியில் எச்ஆர் சீல். அதைப் பார்த்துத்தான் ஆலையில் ‘சர்வீஸ் என்ட்ரி’, அதாவது வேலை முடிந்தது என்ற பதிவைப் போட்டு ஓர் எண் தருவார்கள். அந்த எண் இல்லாமல் பில் அனுப்பினால் திரும்பி வரும். மூலத்தை ஆலை வைத்துக்கொள்ளும் என்பதால், எச்ஆர் அறையிலேயே ஸ்கேன் எடுக்கச் சொல்லி அலுவலக மெயிலுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். இன்னொரு சிக்கல்: இரண்டு பேட்ச், ஒவ்வொன்றிலும் 25 பேர் என்று பேசியிருப்பார்கள். முதல் நாளே 40 பேரை உட்கார வைத்துவிட்டு இரண்டாம் நாளை ரத்து செய்வார்கள், பணம் பாதியாகிவிடும். ஒரு பேட்சுக்கு அதிகபட்சம் இத்தனை பேர் என்பது பிஓவிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

சேல்ஸில் கமிஷன் ஆர்டர் வந்ததும் கிடைக்காது, பணம் வசூலானதும்தான். பில் தேங்கிக் கிடக்கும்போது வேலையை விட்டால் பெரும்பாலும் அது போனதுதான். விலகிய பிறகு வசூலாகும் தொகைக்கும் கமிஷன் உண்டு என்ற ஒரு வரி ஆஃபர் லெட்டரில் வேண்டும் என்று அடம் பிடியுங்கள்.

டிரெய்னராகப் போகிறவர்கள் தொண்டையைக் காப்பாற்றுங்கள். 25 பேர்தானே என்று மைக் இல்லாமல் ஏழு மணி நேரம் பேசினால் இரண்டே வருடத்தில் குரல் கட்டத் தொடங்கும். சி ஷிஃப்ட் எனும் இரவு ஷிஃப்ட் முடிந்து காலை 6 மணிக்கு வந்தவர்களை அப்படியே வகுப்பில் உட்கார வைப்பார்கள். இரவு முழுக்க விழித்தவர் தூங்குவது ஒழுங்கீனம் ஆகாது. அவர்களுக்கு ஸ்லைடை மூடிவிட்டு, நிற்க வைத்து, தீயணைப்பான் பின்னைக் கையால் இழுக்க வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒடிசா, பீகார் ஆட்கள் நிறைய என்பதால் இந்தி தெரிந்த உதவியாளர் இல்லாமல் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதில் பயனில்லை.

சீசன் மார்ச். 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாள். கூடவே நிதியாண்டு முடிவதால் பட்ஜெட்டைச் செலவழிக்கும் அவசரம். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, எல்லாப் பணியிடத்துக்கும் பொருந்துவதால் அந்த வகுப்பு வருடம் முழுக்க உண்டு, டிசம்பரில் இன்னும் கூடும். ஆயுதபூஜை, தீபாவளி வாரங்கள் காலி. மார்ச்சில் ஞாயிறும் வேலை இருக்கும், அதற்கு ஈடு விடுப்பு எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

இன்டர்வியூவுக்குப் போனால் ஹாலில் காத்திருக்கும் நேரத்தில் அங்குள்ள கோ-ஆர்டினேட்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன மாத ஆட்டோ பில் கைக்கு வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் சேரலாம். அவர் சிரித்து மழுப்பினால், உங்கள் பில்லும் அந்த ஃபைலில்தான் போய்ச் சேரும்.