ஸ்கிரைபஸ், லிப்ரே ஆபீஸ்: தமிழ்ப் புத்தக வேலையில் நீண்ட நாள் அனுபவம்

திருவல்லிக்கேணியில் டிடிபி தொழில். புத்தகம், விழா மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரும். சில வருடங்களாகப் புத்தக வேலை முழுக்க லிப்ரே ஆபீஸ் (எழுத), ஸ்கிரைபஸ் (பக்கம் வடிவமைக்க) இரண்டிலும்தான். இப்படி யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் தேறுமா, நிறுவனம் நிரலைப் பூட்டி வைத்திருக்கும் தனியுடைமை மென்பொருள்தான் சரிப்படுமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தமிழ் எழுத்து. பழைய ஃபாண்டில் 'கொ' அடிக்க ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று முறை தட்டுவோம். கண்ணுக்குச் சரியாக இருக்கும், ஆனால் ஃபாண்டை மாற்றினால் வெறும் கிறுக்கல். எல்லா ஃபாண்டுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் க, ஒகரக் குறி இரண்டும்தான் பதிவாகும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ், கட்டற்ற நிரல். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அடோபியின் தனியுடைமைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும் அதையே சேர்த்திருக்கிறார்கள்!

ஸ்கிரைபஸுக்கு அது தாமதமாகத்தான் வந்தது. 2017-இல் 1.5.3 பதிப்பு வரும் வரை அதில் தமிழ் உடைந்தே தெரியும். சரிசெய்ததில் பெரும்பங்கு ஓமனைச் சேர்ந்த ஒரு குழுவுடையது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அரபி. அந்த வேலையில் நம் கொம்பும் காலும் சேர்ந்து இடத்துக்கு வந்துவிட்டன. நிரல் பூட்டிக் கிடந்திருந்தால், தமிழில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று ஒரு கம்பெனி கணக்குப் போட்டு முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான். கட்டற்ற முறையில் தொழில்நுட்பம் மேம்படும் என்று நான் நம்புவதற்கு இதுதான் பெரிய காரணம்.

அடுத்தது ஃபைலின் ஆயுள். ஒரு டிசம்பரில், எங்களிடம் பல காலமாக வேலை கொடுக்கும் பதிப்பாளர் வந்தார். "பழைய ஃபைல் இருக்குமில்ல தம்பி? அட்டையை மட்டும் மாத்தி புத்தகக் காட்சிக்கு இறக்கிடலாம்" என்றார். ஃபைல் இருந்தது. அதைத் திறக்கும் மென்பொருளைத்தான் அதன் நிறுவனம் எப்போதோ கைகழுவிவிட்டது, புது விண்டோஸில் நிறுவவே முடியவில்லை. மொத்தப் புத்தகத்தையும் மறுபடி டைப் அடித்து, மறுபடி புரூஃப் பார்த்தோம். இன்று ஸ்கிரைபஸின் எஸ்எல்ஏ ஃபைலை நோட்பேடில் திறந்தால்கூடத் தமிழ் வரிகள் அப்படியே படிக்கக் கிடைக்கின்றன. லிப்ரே ஆபீஸின் ஓடிடி வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரமாகிவிட்டது. நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் எழுத்தை மீட்டுவிடலாம்.

குறைகளும் உண்டு. முந்நூறு பக்கத்தை ஒரே ஃபைலில் போட்டால் ஸ்கிரைபஸ் திணறுகிறது. அட்டவணை போடுவது பெரும் பாடு, அதில் இன்டிசைன் பல படி மேலே. படம் திருத்துவதில் போட்டோஷாப்பை விட எனக்கு மனமில்லை. அதற்குக் கட்டற்ற மாற்றான கிம்ப் இன்றும் ஆர்ஜிபியில்தான், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல வண்ண முறையில்தான் திருத்துகிறது, நான்கு வண்ண அச்சுக்கு அது இடைஞ்சல். கலர் மலர் வேலைக்குப் போட்டோஷாப் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், கொடுக்கிற காசுக்கு அது உழைக்கிறது.

ராயப்பேட்டை பிரஸ்ஸில் முதலில் இன்டிசைன் ஃபைல்தான் கேட்டார்கள். ஸ்கிரைபஸிலிருந்து அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ் வடிவில் எடுத்துக் கொடுத்தேன். பிளேட் சுத்தமாக வந்தது, அதன்பிறகு கேட்பதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் 2024-இல் வந்த ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ போடுங்கள். மேட்டரை லிப்ரே ஆபீஸில் ஸ்டைல் போட்டு முடித்துவிட்டு, அத்தியாயம் அத்தியாயமாக ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவாருங்கள், திணறல் பாதி குறையும்.