நீலப் புத்தகம், மறுபதிப்பு: கேப்டனுக்கு ஐந்து நட்சத்திரம், பதிப்பாளருக்கு இரண்டு

பயிற்சி மைதானத்தில் கத்திக் கத்தியே தொண்டை கெட்டவன் நான். அதனால்தான் பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசின் படையில் இருந்த ஃபிரீட்ரிக் ஃபான் ஸ்டோய்பன், அமெரிக்க விடுதலைப் போரின்போது அமெரிக்கப் படைக்கு எழுதிக்கொடுத்து, 1779-இல் அச்சாகி, 'நீலப் புத்தகம்' என்று பேர்பெற்ற டிரில் (அணிவகுப்புப் பயிற்சி) கையேட்டின் மறுபதிப்பை ஆசையாக வாங்கினேன்.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். முன்னுரை எழுதியவர் ஸ்டோய்பனைப் பிரஷ்ய மன்னரின் 'லெப்டினன்ட் ஜெனரல்' என்கிறார். 1777-இல் பாரிஸிலிருந்து பெஞ்சமின் பிராங்க்ளின் அமெரிக்கப் படைத்தளபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதத்தில் கிளம்பிய புளுகு அது. மனிதர் கேப்டன், அவ்வளவுதான். 1757-இல் பிராகாவில் காயம்பட்டார், ரஷ்யர்களிடம் கைதியாக இருந்தார், மன்னரின் தலைமையகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். ஏழாண்டுப் போர் முடிந்ததும் 1763-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஹெஷிங்கன் என்ற குட்டி சமஸ்தானத்தில் அரண்மனை நிர்வாகம், கையில் காசில்லாத வருஷங்கள்.

அந்தக் கேப்டன் பதவியை ஏன் மறைக்க வேண்டும்? ஜெனரல் யாராவது எழுதியிருந்தால் இப்படி ஒரு புத்தகம் வந்திருக்காது. கம்பெனி என்ற சின்னப் படைப்பிரிவோடு சேற்றில் நின்றவனுக்கு மட்டுமே தெரிகிற சமாச்சாரங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. நடக்கும்போது ஓர் எட்டு வைத்தால் இரண்டு அடி நீளம்; சாதாரண நடை நிமிடத்துக்குச் சுமார் 75 எட்டு, விரைவு நடை சுமார் 120. கழிப்பிடக் குழி கூடார வரிசையிலிருந்து 300 அடி தள்ளி இருக்க வேண்டும். (சிரிக்காதீர்கள், அந்தக் காலத்து முகாமில் துப்பாக்கிக் குண்டைவிடச் சீதபேதி மாதிரி நோய்கள்தான் அதிகம் கொன்றன.) புது ஆட்களைப் பழக்க எல்லா அதிகாரிக்கும் பொறுமை இருக்காது, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடு என்கிறார். அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி அறிவுரை. கேப்டனுக்குச் சொல்வதுதான் உச்சம்: முதல் வேலை ஆட்களின் அன்பைச் சம்பாதிப்பது, ஒவ்வொருவனையும் பெயராலும் குணத்தாலும் தெரிந்திருக்க வேண்டும், நோயாளியை அடிக்கடி போய்ப் பார்த்துக் கனிவாகப் பேச வேண்டும். பிரஷ்யப் படை என்றாலே பிரம்படி என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கட்டும். 1778-இல் வேலி ஃபோர்ஜ் என்ற அமெரிக்கப் படை முகாமில் ஸ்டோய்பனே துப்பாக்கியைக் கையில் எடுத்துச் சுமார் நூறு பேருக்குச் செய்துகாட்டியவர். ஆங்கிலம் வராது, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் திட்டுவார், கேப்டன் வாக்கர் அதை மொழிபெயர்ப்பார்!

அச்சு சுமார்தான். பழைய பிரதியை அப்படியே படம் பிடித்திருப்பதால் அந்தக் காலத்து நீள 'எஸ்' எழுத்தெல்லாம் 'எஃப்' போலத் தெரிகிறது. பத்துப் பக்கத்தில் கண் பழகிவிடும். மன்னிக்க முடியாதது வரைபடங்கள். பின்னாளில் வாஷிங்டன் நகரத்தைத் திட்டமிட்ட லான்ஃபான் வரைந்தவை அவை. அணி திரும்பும் கோடுகள் மை அப்பிக் கிடக்கின்றன. வரைபடமில்லாமல் டிரில் புத்தகம் பாதிக்கு மேல் வீண். வாங்குவதானால் மாதிரிப் பக்கத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வேறு பதிப்பாக வாங்குங்கள்.