ஃப்ரீரனை நான்கு வருடம் படித்த பிறகு

சிங்கப்பூரில் எங்கள் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி பத்துச் சுற்று. இரண்டு வருட தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி முடிந்தும் விடாமல், ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை அதே முகங்களோடு முகாமுக்குள் போய் அடைந்துகிடக்க வேண்டும். 'ஃப்ரீரன்' என்ற மங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், முதல் பாகத்தை நான் படித்தது அப்படி ஒரு சுற்றில்தான். விளக்கணைத்த பிறகு, முகாம் கட்டிலில் குப்புறப் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, 'இதுக்கா இவ்வளவு பேச்சு?' என்று பைக்குள் போட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. யமதா கனேஹிதோ எழுத, அபே த்சுகாசா வரைகிறார். ஜப்பானில் ஷோனென் சண்டே வார இதழில் 2020 ஏப்ரலில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே மங்கா தைஷோ விருது வாங்கியது. ஆங்கிலப் பதிப்பின் முதல் பாகம் 2021 இறுதியில் வந்தது. தமிழில் இல்லை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், அதாவது நமக்குப் பின் அட்டையாகத் தெரிவதுதான் முன் அட்டை. இது பழக எனக்கு ஒரு பாகம் பிடித்தது.

மற்ற கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. அரக்கர் மன்னனைக் கொன்றுவிட்டு நான்கு பேர் வண்டியில் ஊர் திரும்புகிறார்கள்: வீரன் ஹிம்மல், பூசாரி ஹைட்டர், குள்ளர் இனத்துப் போர்வீரன் ஐசன், மந்திரக்காரி ஃப்ரீரன். அவர்கள் சேர்ந்து அலைந்தது பத்து ஆண்டுகள். ஃப்ரீரன் நெடுங்காலம் வாழும் எல்ஃப் இனம், ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்தவள். அவளுக்கு அந்தப் பத்து வருடம் ஆயுளில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் எரிகல் மழையை மறுபடி சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சொன்னபடி வருகிறாள். ஹிம்மல் தலை வழுக்கையான கிழவன். கொஞ்ச நாளில் இறந்தும் போகிறான். இவ்வளவும் முதல் அத்தியாயத்திலேயே. சவ அடக்கத்தில்தான் அவளுக்கு அழுகை வருகிறது. பத்து வருடம் கூடவே இருந்தும், இவனைத் தெரிந்துகொள்ள ஏன் முயலவில்லை என்று.

இரண்டாவது முறை படிக்கத் தொடங்கியது கிட்டத்தட்ட விபத்து. வேலைக்குப் போகும்போது ரயிலில் படிக்க வேறு எதுவும் கையில் இல்லை. ஒரு அத்தியாயம் ஈசூனில் ஏறினால் பீஷானுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்காமல் மூடிவைத்தேன். அந்த வேகம்தான் இந்தக் கதைக்குச் சரி என்று அப்போதுதான் தெரிந்தது. சண்டையைத் தேடி ஓடுகிறவனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. ஒரு கிராமத்தில் ஒரு பாட்டி கேட்டுக்கொண்டதால், ஹிம்மலின் பழைய சிலையைத் துடைக்கிறாள் ஃப்ரீரன். சுற்றி நட அவனுடைய ஊர்ப் பூ வேண்டும். அழிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கும் ஒரு நீலப் பூ. அதைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறாள். அவளுடைய மாணவி ஃபெர்ன் கவலைப்படுகிறாள்: நமக்குக் காலம் போகிறதே!

இந்தச் சிலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் ஊராகச் சிலை வைக்கச் சொல்லி, நிற்கும் கோலத்தைக்கூட மணிக்கணக்கில் தேர்ந்தெடுப்பான் ஹிம்மல். படிப்பவருக்கு அது தற்பெருமை மாதிரித்தான் படும், சிரிப்பு வரும். நம் சங்கப் பாட்டுகளிலும் வீரனுக்கு நடுகல் உண்டு: பெயரும் பெருமையும் பொறித்து, மயில்பீலி சூட்டி, வழியோரமாக நிறுத்துவார்கள். ஆனால் அதை ஊரார் நடுவார்கள், செத்தவன் கேட்டு வாங்கியதில்லை. இவன் ஏன் கேட்டு வாங்கினான் என்பது பிறகு ஓரிடத்தில் வருகிறது. நாங்கள் எல்லோரும் போன பிறகும் நீ தனியாக இருக்கக் கூடாது என்கிறான் அவளிடம். எந்த ஊருக்குள் போனாலும் அவன் நிற்பான். இதைப் படித்துவிட்டு அங் மோ கியோவில் இறங்க வேண்டியவன் அடுத்த நிலையத்தில் இறங்கினேன்.

அரக்கர்களைக் கையாண்ட விதமும் எனக்குப் பிடித்தது. இங்கே அவர்கள் மனிதர்போல் பேசத் தெரிந்த வேட்டை விலங்குகள், அவ்வளவுதான். பேச்சு என்பது இரை பிடிக்கும் கருவி. சாகப்போகும் அரக்கக் குழந்தை ஒன்று 'அம்மா' என்று கூப்பிடுகிறது. அதற்கு அம்மா என்றால் என்னவென்றே தெரியாது. அந்தச் சொல்லைச் சொன்னால் மனிதர்கள் கத்தியைக் கீழே போடுவார்கள் என்பது மட்டும் தெரியும். படித்த இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

குறைகளும் இருக்கின்றன. நடுவில் முதல்தர மந்திரக்காரர் ஆவதற்கான தேர்வு என்று ஒரு நீண்ட பகுதி வரும். புதுப் பெயர்கள் கும்பலாக வந்து விழும். அதுவரை நடந்து வந்த கதை திடீரென்று ஓ-லெவல் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டதுபோல் இருக்கும். நான் அங்கே இரண்டு மாதம் நிறுத்திவிட்டேன். சண்டைக் காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார் என்பதும் சில பக்கங்களில் குழப்பம். தொடரும் அடிக்கடி இடைவெளி விட்டு விட்டு வருகிறது. சரி, அதற்கு இந்தக் கதையின் வாசகன் கோபப்பட முடியுமா?

எப்படிப் படிப்பது என்று கேட்டால், தாளில். கைப்பேசியில் இரட்டைப் பக்க ஓவியங்கள் பாதியாக வெட்டுப்படும், வானமும் புல்வெளியும்தான் இதில் பாதி சுகம். ஒரு பாகத்தின் விலைக்குத் தேக்கா சந்தையில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம். அதனால் முதல் மூன்றை மட்டும் வாங்கி, மற்றதை நூலகத்தில் எடுத்தேன். மூன்று வாரத் தவணை போதும். அடுத்த பாகம் யாரிடமோ போயிருக்கும் என்பதுதான் பிரச்சினை. நான்காவதற்கு முன்னால் ஐந்தாவதைப் படித்தவன் நான். வாங்கிய பிரதிகள் நம் ஊர் ஈரக்காற்றில் ஓரம் பழுத்து, அப்பளம்போல் நெளிந்துவிட்டன. பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கலாம்.

இதன் அனிமேயும் (அனிமேஷன் தொடர்) பார்த்தேன். மேட்ஹவுஸ் நிறுவனம் எடுத்தது, 2023 செப்டம்பரில் தொடங்கிய முதல் பருவத்தில் 28 பகுதிகள். இசை பிரமாதம். ஆனாலும் புத்தகத்தில் 'வீரன் ஹிம்மல் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரு வரி வந்து நிற்கும்போது, நான் வேண்டிய மட்டும் அங்கேயே நிற்கலாம். திரையில் அது முடியாது.

முகாமில் எங்கள் அறையில் தமிழ் பேசியவர்கள் இரண்டே பேர். பக்கத்துக் கட்டில்காரன் இரும்பு லாக்கரில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். நிறுத்துடா என்று எல்லோரும் கத்துவோம். பத்தாவது சுற்று முடிந்ததும் வாட்ஸ்அப் குழு மெல்ல அடங்கிவிட்டது. தேர்வுப் பகுதியில் நான் நிறுத்திவைத்திருந்த அந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை அவனுக்குப் போன் செய்தேன். தேக்காவில் டீ குடித்தோம். சிறுவயதிலிருந்தே மிருதங்கம் கற்றுக்கொண்டவனாம், இப்போது வார இறுதியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். பன்னிரண்டு வருடமாக நான் கத்தியது அதற்கு.

கிளம்பும்போது முதல் பாகத்தை அவனிடம் கொடுத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துச் செய்தி வந்தது: "கொஞ்சம் குழப்பமாத்தான்டா இருந்துச்சு. ஆனா முடிவு சூப்பர். செத்தவன் எழுந்து வந்து, நாலு பேரும் ஒரே வண்டியில வீட்டுக்குப் போறாங்க."